மில் வாசல் சரிவு

எனக்குக் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த வருடம், முதல் மழை ஒரு பிற்பகலில் பிடித்துக்கொண்டது. நான் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப்பெண் என்று அதுவரை என்னை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடாத என் மாமியார், புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"மழையை அப்புறம் ரசிச்சுக்கலாம். வா, அந்தப் பக்கம் பிடி" என்றார்.

அந்தப் பக்கம் என்பது ஒரு கோதுமை மூட்டையின் அந்தப் பக்கம். அன்றைக்குத்தான் நீ உண்மையில் இந்த வீட்டு மருமகள் ஆனாய் என்று என் கணவர் பிற்பாடு கிண்டல் செய்வார். தாலி கட்டியதெல்லாம் கணக்கில் சேராதாம்.

பஸ் நிறுத்தத்தில் தொடங்கி எங்கள் மாவு மில்லில் முடிகிற தெரு அது. ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். மேல் முனையில் எவர் வீட்டு மொட்டைமாடியில் பெய்த மழையும் கடைசியில் எங்கள் வாசலைத் தேடித்தான் வரும். எங்கள் மில்லைத் தாண்டினால் பெரிய கால்வாய். ஆனால் தண்ணீருக்கு அதுவரை போக மனசு வராது. எங்கள் வாசலோடு உட்கார்ந்துவிடும். "சொல்லாம கொள்ளாம வர்ற சொந்தக்காரங்க மாதிரி. வரத் தெரியும், கிளம்பத் தெரியாது" என்பார் அத்தை.

முன்னறை முழுக்க மில், பின்னால் இரண்டு அறைகள் வீடு. அத்தையைத் தெருவில் எல்லோரும் மில்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். புருவத்திலும் கண்ணிமை முடியிலும் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். அரைக்கும் கல்லின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, சாதாரணமாக நலம் விசாரித்தால்கூடச் சண்டை போடுவது போல் கேட்கும். வீட்டுக்கு வந்த புதிதில், "சாப்பிட்டியா?" என்று அவர் கேட்ட கேள்விக்கே, என்ன தப்பு செய்தேன் என்று நான் யோசித்தது உண்டு.

மழைக்காலத்தில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வானம் கறுத்ததும் மில்லில் வேலை பார்த்த பெல்ட்டு என்பவர் மோட்டாரின் மேல் தார்ப்பாயைச் சுற்றுவார். இடுப்பில் மில்லின் பழைய பெல்ட் துண்டையே வெட்டிக் கட்டியிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். நானும் அத்தையும் மூட்டைகளை மரப்பலகை மேல் அடுக்குவோம். என் கணவர் வீட்டுக்குள் இருந்து கட்டிலையும் துணிகளையும் தூக்கி வைப்பார். தண்ணீர் உள்ளே வந்ததும், செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. நால்வரும் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவோம். பிளாஸ்க்கில் டீ இருக்கும். கீழே எங்கள் செருப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதக்கும். ஜோடி மாறிப் போகும் செருப்புகளைப் பற்றி பெல்ட்டு சொல்லும் ஜோக்குகளுக்கு அத்தை முறைப்பார், பிறகு அவரே முதலில் சிரிப்பார்.

நான் பார்த்தே இராத என் மாமனாரை எனக்குத் தெரிய வந்தது அந்த மூட்டைகளின் மேல்தான். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே அவர் போய்விட்டார். மில் தொடங்கிய புதிதில் வாசலில் படிகள் இருந்தனவாம். ஒருநாள் அரை மூட்டை தானியத்தோடு அத்தை அந்தப் படியில் வழுக்கி விழுந்தார். அப்போது என் கணவர் வயிற்றில். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சிமெண்ட் வாங்கி வந்து, மேஸ்திரி யாரையும் கூப்பிடாமல் தன் கையாலேயே அந்தப் படிகளின் மேல் ஒரு சரிவு போட்டார். தெருவிலிருந்து வடிகாலைத் தாண்டி நேராக மில்லுக்குள் தள்ளுவண்டி ஏறி வருகிற மாதிரி. ஈரத்தில் கால் வழுக்கக் கூடாது என்று, சிமெண்ட் காய்வதற்குள் அலமாரியில் இருந்த அத்தையின் சீப்பை எடுத்து, மேலிருந்து கீழ்வரை குறுக்குக் கோடுகளாக வாரிவிட்டார்.

"ஒரே ஒரு நல்ல சீப்பு வெச்சிருந்தேன். அதை எடுத்து ரோட்டுக்குத் தலை வாரிட்டாரு மனுஷன்" என்று ஒவ்வொரு மழைக்கும் அத்தை குறைப்பட்டுக்கொள்வார். குறைப்படுகிற முகமா அது?

தெரு பழுதாகும்போதெல்லாம் வந்து தார் போடுவார்கள். பழையதைச் சுரண்டாமல், அதன் மேலேயே ஒரு பூச்சு. இப்படிப் பூசிப் பூசித் தெரு வளர்ந்துகொண்டே போனது, வீடுகள் அப்படியே நின்றன. கல்யாணமான புதிதில் தான் தெருவைக் குனிந்து பார்த்ததாகவும், இப்போது தெரு தன்னைக் குனிந்து பார்ப்பதாகவும் அத்தை சொல்வார். நகராட்சி அலுவலகத்துக்கு அவர் நடந்த நடைக்குக் குறைவில்லை. போனால் உட்காரச் சொல்வார்கள், கேட்பார்கள், தலையாட்டுவார்கள். அடுத்த மழைக்கு நாங்கள் மறுபடி மூட்டை மேல்.

எதிர்வீட்டில் மாமாவின் தம்பி இருந்தார். எனக்குச் சின்ன மாமா. வீட்டின் முன்னறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒரு பெருமழையில் அவருடைய பழைய நெகட்டிவ் பெட்டிகள் எல்லாம் ஊறி வீணாயின. எத்தனையோ பேருடைய கல்யாணமும் குழந்தைகளும் அதில் இருந்தன. தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, தன் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டியது. அதன் பிறகு அவர் முற்றத்தில் பரவ வேண்டிய தண்ணீரும் சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது.

"அண்ணன் இருந்தா கட்டியிருப்பியா?" என்று அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, தகவல் போக்குவரத்து நிற்கவில்லை. அது என் தலையில் விழுந்தது. இருவரும் அவரவர் வாசலில் நின்றபடி, நடுத்தெருவில் நிற்கிற என்னிடம் பேசுவார்கள். "அரைச்சு வெச்சாச்சு, வந்து எடுத்துக்கச் சொல்லும்மா" என்பார் அத்தை. அத்தையின் குரல் அடுத்த தெருவுக்கே கேட்கும். இருந்தாலும் நான் திரும்பி, "அரைச்சாச்சாம் மாமா" என்று சொன்னால்தான் அவர் அசைவார். "உப்புச்சப்பில்லாத சண்டைக்கு நான் எதுக்கு தபால்காரி?" என்று என் கணவரிடம் நான் அலுத்துக்கொள்வேன். அவர் மட்டும் என்ன செய்வார், சித்தப்பாவா அம்மாவா என்று கேட்டால்?

அந்த நிலையில்தான் ஒரு வெயில் காலத்தில் தெருவைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். சின்ன வயது. கறுப்புக் குடையும், சேறு காய்ந்த ஷூவுமாகத் தெருவை மேலும் கீழும் நடந்து பார்த்தார். அத்தை வழக்கமான குரலில் ஆரம்பித்தபோதும் அவர் பயப்படவில்லை. மில் வாசலில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பழைய தாரை மெஷின் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடுவோம் என்றார். அத்தை என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, கேட்பதற்கு முன்பே ஒருத்தி சொல்கிறாள்.

"ஆனா ரோடு மட்டும் போட்டா போதாதும்மா. முதல்ல வடிகால் எங்க அடைக்குதுன்னு பார்க்கணும்" என்றார் இன்ஜினியர்.

"எங்க அடைக்கும்? கால்வாய் ரொம்பி எதுத்து வருது. ஊருக்கே தெரியும்" என்றார் அத்தை.

மறுநாள் காலையில் ஒரு தண்ணீர் லாரி வந்து தெருவின் மேல் முனையில் நின்றது. ஆட்கள் வடிகாலின் மேல்மூடிகளை அங்கங்கே தூக்கி வைத்தார்கள். லாரித் தண்ணீரை வடிகாலுக்குள் விட்டார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் தண்ணீரோடு கூடவே தெருவில் இறங்கி நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சரிவுக்கும் படிக்கும் கீழே அது தயங்கித் தயங்கி நுழைந்து வெளியே வந்தது. எங்கள் மில் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கால்வாய் வறண்டு கிடந்தது. எங்கள் சரிவைத் தாண்டி ஒரு சொட்டுப் போகவில்லை.

ஆட்கள் கம்பியை உள்ளே விட்டார்கள். மாமா சரிவு போட்டபோது, கீழே தண்ணீர் போக ஒரு சின்னக் குழாய் பதித்திருந்தார். அந்தக் காலத்துத் தண்ணீருக்கு அது போதும். குத்தி இழுத்ததில் முதலில் வந்தது வெள்ளையாய், கெட்டியாய், சுண்ணாம்புக் கட்டி போல ஒன்று. பெல்ட்டு அதை எடுத்து விரலால் உதிர்த்துப் பார்த்து, மோந்து பார்த்து, கீழே வைத்துவிட்டார். அது மாவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் மில்லைக் கூட்டி, வாசல் வழியாக வடிகாலில் தள்ளிய மாவும் தவிடும் உமியும், வருடக்கணக்கில் சேர்ந்து இறுகிப்போய்க் கிடந்தன.

அத்தை அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மேல் முனைக்காரர்களை, கால்வாயை, நகராட்சியை, கொழுந்தனை என்று அவர் திட்டாத ஆள் பாக்கி இல்லை. யாராவது சிரிப்பார்களோ என்று நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வாசலில் சின்ன மாமா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"இந்தச் சரிவை எடுக்கணுமா?" என்று அத்தை கேட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"யார் தப்புன்னு நான் பார்க்க வரலம்மா. தண்ணிக்கு வழி வேணும், அவ்வளவுதான். இங்க மட்டும் இல்ல, வடிகால் மேல இருக்கிற எல்லாத்தையுமே எடுத்தாகணும்" என்றார் இன்ஜினியர்.

"அது அவர் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

பட்டப்பகலில் மில் நின்றது. தூக்குகளோடும் பைகளோடும் வந்தவர்கள், மூடியிருந்த கதவைப் பார்த்துவிட்டு விசாரிக்காமல் திரும்பிப் போனார்கள். என் கணவர் வேலை முடிந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து வந்துவிட்டார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போனது. அவரைத் தேற்ற எங்களுக்குத் தெரியவில்லை. இடிக்க வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, இடித்தால் என்ன என்று சொல்லவும் வாய் வராது.

அடுத்த நாள் முற்பகலில் அத்தை எழுந்து முகம் கழுவினார். புடவை மாற்றிக்கொண்டார். கதவைத் திறந்து, சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து போனார். எதிர்வீட்டு வாசலில் இருந்த அந்த மேட்டின் மேல் கால் வைத்து, அதைத் தாண்டி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தபால்காரி வேலைக்குத் தேவைப்படுவேன் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை.

"ஒரு படம் எடுக்கணும்" என்றார் அத்தை, நேராக அவரைப் பார்த்து.

சின்ன மாமா எழுந்து நின்றார். "யாரை அண்ணி?"

"வாசலை. நாளைக்கு இடிக்கப் போறாங்க."

அவர் உள்ளே போய், முக்காலியில் வைக்கிற தன் பழைய பெரிய கேமராவை எடுத்து வந்தார். கைக்கு அடக்கமான புதியது ஒன்று மேசையிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. தெருவின் நடுவே முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இப்ப எடுத்தா வெறும் சிமெண்ட்டாத்தான் தெரியும். வெயில் சாயட்டும். அப்பத்தான் அந்தக் கோடெல்லாம் எழும்பி வரும்" என்றார்.

ஆகவே வெயில் சாயும்வரை காத்திருந்தோம். நான் இரண்டு நாற்காலிகள் கொண்டுவந்து போட்டேன். தெருவின் நடுவே, கேமராவுக்குப் பின்னால், அத்தையும் சின்ன மாமாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள்காரர்கள் மணி அடிக்காமல் சுற்றிப் போனார்கள். சின்ன மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். சரிவு போட்ட அன்று மணல் சலித்தது தான்தான் என்றும், அண்ணன் சீப்பை எடுத்தபோது வேண்டாம் என்று தடுத்ததாகவும், அதற்கு அண்ணன், அவள் திட்டுவாள், திட்டட்டும், விழாமல் இருந்தால் சரி என்று சொன்னதாகவும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை அத்தைக்கு அதுவரை தெரியாது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "சீப்புக்கு நீயும் கூட்டா?" என்றார்.

சாயங்கால வெயில் சரிவின் மேல் படிந்தபோது கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன, நேற்றுத்தான் வாரியது போல. சின்ன மாமா அத்தையை அதன் ஓரத்தில் நிற்கச் சொன்னார். முகமெல்லாம் வேண்டாம் என்று அத்தை மறுத்தார். நிற்காவிட்டால் எடுக்க மாட்டேன் என்று அவரும் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் நின்றார். சிரிக்கவில்லை. படத்தில் புருவத்தில் மாவு இல்லாமல் இருக்கிற அத்தையைப் பார்த்தால் எனக்கு இன்றும் வேற்றாள் மாதிரிதான் இருக்கிறது.

மடக்கிய முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது சின்ன மாமா தன் வாசலைப் பார்த்தார். "அந்த மேட்டையும் நாளைக்கே எடுத்துடச் சொல்றேன் அண்ணி. கட்டின அன்னிக்கே எனக்கு மனசு ஒப்பல" என்றார். அத்தை தலையை அசைத்தார்.

மறுநாள் ஆட்கள் சம்மட்டியோடு வந்து நின்றதும், அத்தை மில்லுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். அரைக்க ஒரு பிடி தானியம்கூட இல்லை. வெறும் கல் ஓடியது. வெறுமனே ஓடினால் கல் தேய்ந்துவிடும் என்று எந்நேரமும் பெல்ட்டுவைத் திட்டுகிறவர் அவர்தான். பெல்ட்டு என்னைப் பார்த்தார், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். வெளியே சம்மட்டி ஓய்கிறவரை கல் ஓடியது. உள்ளே வேறு சத்தமே கேட்கவில்லை. சரிவு பெயர்ந்ததும் அடியில் பழைய படிகள் அப்படியே இருந்தன. அவற்றைக் கொஞ்சம் உள்ளடக்கி வெட்டி, வடிகாலுக்கு அகலமாக இடம் விட்டார்கள். வண்டி ஏற்ற வெல்டிங் கடையில் ஓர் இரும்புப் பலகை செய்து வாங்கினோம். வேண்டும்போது போடலாம், இல்லாவிட்டால் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

அதற்குப் பிறகு தெருவில் மற்றவர்கள் பாடு திண்டாட்டமானது. அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். "என்னோடதை இடிச்சாச்சு. உங்களோடது எப்போ?" அவ்வளவுதான் பேச்சு. ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் தன் ஸ்கூட்டர் எப்படி ஏறும் என்று நீளமாக விளக்க ஆரம்பித்தார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெல்டிங் கடைக்காரரை நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். மேல் முனையில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் மசியவே இல்லை. எனக்குத் தண்ணீர் வரவில்லை, நான் எதற்கு இடிக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார். நோட்டீஸ் வந்தும் அவர் அசையவில்லை. இன்ஜினியர் அந்த ஓர் இடத்தில் வடிகாலை வளைத்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த வளைவில் இன்றும் குப்பை தங்குகிறது.

தார் சுரண்டும் மெஷின் வந்தபோது தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. பெயர்ந்த தார்ப் பாளங்களில் அடுக்கடுக்காகப் பூச்சுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் போட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இது என் பெண் பிறந்தபோது போட்டது, இது நாங்கள் வீடு கட்டியபோது போட்டது என்று. புது ரோடு தாழ்வாக, நடுவில் லேசாக முதுகு தூக்கி, இரு பக்கமும் வடிகாலைப் பார்த்துச் சரிந்து அமைந்தது.

அந்த வருடத்து முதல் பெருமழையில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு வடிகால் கம்பி மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேஸ் பார்க்கிற மாதிரி, "வந்துடுச்சு, தாண்டிடுச்சு" என்று மேலிருந்து கீழே குரல் வந்தது. எங்கள் வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியது. கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு சுழி போட்டு, சலசலவென்று கால்வாய்ப் பக்கம் திரும்பிப் போயிற்று. சின்ன மாமா எதிர்வாசலிலிருந்து, "போகுது அண்ணி" என்றார். "எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் அத்தை.

அன்று நாங்கள் மூட்டையைத் தூக்கவில்லை. செய்ய வேலையில்லாமல் நால்வரும் உள்ளே நின்றோம். பெல்ட்டு வழக்கப்படி பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்திருந்தார். அதை எங்கே உட்கார்ந்து குடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மூட்டைகளின் மேல் கழிந்த மாலைகள் இனி வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளம் போனதற்கு வருத்தப்படுகிற பைத்தியம் உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிறகு வந்த வருடங்களில் கோடை முடிகிற சமயம் அத்தை வடிகால் மூடிகளைத் திறக்க ஆள் கூட்டி வருவார். கூட்டிய மாவும் தவிடும் வடிகாலுக்குப் போகாமல் சாக்கில் சேர்ந்து, கோழி வளர்க்கிறவர் வீட்டுக்குப் போயின. என் கணவருக்கு வேலை மாற்றலாகி நாங்கள் நகரின் வேறு பக்கம் ஒரு மூன்றாம் மாடிக்குக் குடிபோனோம். முட்டி வலி முற்றிய பிறகு அத்தையும் மில்லை பெல்ட்டுவிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். அங்கே மழை என்பது வெறும் சத்தம்தான். அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை. மழை தொடங்கினால் பெல்ட்டுவுக்குப் போன் போட்டு, "எது வரைக்கும் வந்திருக்கு?" என்பார். "ஒண்ணும் வரலம்மா" என்று அவர் சொன்னால் லேசாக ஏமாந்த மாதிரி போனை வைப்பார்.

அத்தை போய் இப்போது சில வருடங்களாகின்றன. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கடைசிக் கோடையில் ஒரு நாள். பெல்ட்டு போன் செய்து ஏதேதோ பேசிவிட்டு, பேச்சுவாக்கில், தெருவில் புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள் வடிகால் மேல் சிமெண்ட் போட்டு கார் ஏற்றச் சரிவு கட்டுவதாகச் சொல்லிவிட்டார். அத்தை உடனே எழுந்து செருப்பைத் தேடினார். வெயிலில் எங்கே போகிறீர்கள், சாயங்காலம் அவர் வந்ததும் காரில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்குள்ள காஞ்சுடும்டி" என்றார்.

நான் ஆட்டோ பிடித்துக் கூடவே போனேன். சிமெண்ட் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த வீட்டுப் பெண் என் வயதில் பாதி இருப்பாள், யார் நீங்கள் என்பது போல் எங்களைப் பார்த்தாள். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு, முதன்முறையாக ஒருவர் வீட்டில் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"தண்ணி குடும்மா. உங்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றார்.